புனே மருத்துவமனைகளில் செவிலியர் பணிச்சூழல்

மகாராஷ்டிரத்தின் புனே நகரில் செவிலியர் வேலை பார்க்கும் இடங்கள் ஒரே வார்ப்பில் அமைந்தவை அல்ல. ரயில் நிலையத்தை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளோடு நிற்கும் சசூன் அரசுப் பொது மருத்துவமனை ஒரு பக்கம். நாயுடு, கமலா நேரு முதலிய மாநகராட்சி மருத்துவமனைகள், பிம்ப்ரியின் யஷ்வந்த்ராவ் சவான் நினைவு மருத்துவமனை, கே.இ.எம்., ரூபி ஹால், ஜஹாங்கீர், தீனாநாத் மங்கேஷ்கர் போன்ற அறக்கட்டளை, தனியார் மருத்துவமனைகள், ராணுவ மருத்துவமனை என்று இன்னும் பல. இவற்றுக்கு நடுவே, இருபது முப்பது படுக்கைகளோடு தெருவுக்குத் தெரு நடக்கும் நர்சிங் ஹோம்கள். இவை எல்லாவற்றிலும் இருக்கும் தகுதி பெற்ற செவிலியர் பெரும்பாலும் அதே ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து, அதே மகாராஷ்டிர செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தவர்கள்தாம். சம்பளமும் விடுப்பும் ஓய்வறையும் மட்டும் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும்.

நோயாளிக்கும் உறவினருக்கும் செவிலியர் ‘சிஸ்டர்’, ஆணாக இருந்தால் ‘பிரதர்’. அரசுப் பதவிப் பெயரான ‘அதிபரிசாரிகா’ சம்பளப் பட்டியலிலும் இடமாறுதல் ஆணையிலும்தான் தென்படும். நம் ஊர் ஆயாம்மாவை இங்கே ‘மாவ்ஷி’ என்கிறார்கள். மராத்தியில் தாயின் சகோதரிக்குரிய சொல் அது. வார்டு பாய் ‘மாமா’. கேட்க ஒரு குடும்பம் போலத்தான் இருக்கும். மாவ்ஷியும் மாமாவும் வராத நாளில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, ரத்த மாதிரியை ஆய்வகத்தில் சேர்ப்பது எல்லாம் சிஸ்டரின் தலையில் விழும்போதுதான் அந்தக் குடும்பத்தின் மூத்த மகள் யார் என்பது தெரியும்.

முன்வரலாறு

பாக்தாதிலிருந்து வந்து மும்பையில் வணிகம் செய்த யூதரான டேவிட் சசூனின் கொடையில் எழுந்த சசூன் மருத்துவமனை 1867இல் திறக்கப்பட்டது. அடுத்த தலைமுறையில் பிளேக் வந்தது. 1897இல் சாவித்திரிபாய் புலே, மருத்துவரான தம் வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் சேர்ந்து ஊருக்கு வெளியே நோயாளிகளுக்காக ஒரு முகாம் நடத்தினார். முண்ட்வாவிலிருந்து நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே தூக்கி வந்தவர், அதே நோய் தொற்றி அவ்வாண்டு மார்ச் 10 அன்று இறந்தார். பெண்கல்வியின் முன்னோடியாகவே அவரை எல்லோரும் அறிவார்கள். நோயாளியைத் தொட்டுத் தூக்கியதால் உயிரிழந்தவர் என்ற வகையில் இந்நகரச் செவிலியர் வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு.

அந்தக் காலத்தில் இந்து உயர்சாதிக் குடும்பப் பெண்கள் இத்தொழிலுக்கு வரத் தயங்கினர். அந்நியர் உடலைத் தொடுவது, இரவில் வெளியே தங்குவது, இரண்டுமே குற்றமாகப் பார்க்கப்பட்டன. 1909இல் புனேயில் சேவா சதனைத் தொடங்கிய ரமாபாய் ரானடே, இளம் விதவைகளையும் ஆதரவற்ற பெண்களையும் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பி அந்தத் தயக்கத்தை உடைத்தார்.

1924 ஜனவரி 12 இரவு, ஏரவாடா சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட காந்திக்கு சசூனில் குடல்வால் அறுவை நடந்தது. கத்தி பிடித்தவர் கர்னல் மேடக். நடுவில் இடிமழையால் மின்சாரம் நின்றது. செவிலியர் ஒருவர் பிடித்திருந்த கைவிளக்கும் அணைந்துபோக, மிச்ச வேலை அரிக்கேன் விளக்கொளியில் முடிந்தது. மருத்துவரின் பெயர் வாழ்க்கை வரலாற்று நூல்களில் இருக்கிறது. விளக்குப் பிடித்த கை யாருடையது என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை.

எண்ணிக்கை

செவிலியர் பணிச்சூழலைப் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் ஒரு கணக்கில் வந்து நிற்கும்: ஒருவருக்கு எத்தனை நோயாளிகள்? இந்திய நர்சிங் கவுன்சிலின் நியமப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு 1 செவிலியர். கல்லூரி இல்லாத மருத்துவமனையில் 5க்கு 1. தீவிர சிகிச்சைப் பிரிவில் 1க்கு 1. விடுப்பில் போவோரை ஈடுகட்ட இதன்மேல் 30 விழுக்காடு கூடுதல். இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 3க்கு 1 என்பது ஒரு நாளின் மூன்று ஷிஃப்டுகளையும் சேர்த்த கணக்கு. ஒரு ஷிஃப்டுக்கு வகுத்தால் 9 நோயாளிக்கு ஒருவர்தான். ஆக 30 படுக்கை வார்டுக்கு 10 பேர், விடுப்பு ஈட்டுக்கு 3 பேர், மொத்தம் 13 பேர் பட்டியலில் இருந்தால்தான் எந்த நேரத்திலும் மூவர் வார்டில் நிற்க முடியும்.

காகிதத்திலேயே இவ்வளவு இறுக்கமான இந்தக் கணக்கு இரண்டு வழிகளில் உடைகிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது ஒன்று. நோயாளிகளை எண்ணாமல் படுக்கைகளை எண்ணுவது மற்றொன்று. அரசு மருத்துவமனை யாரையும் திருப்பி அனுப்பாது. மழைக்காலத்தில் டெங்குவும் காய்ச்சலும் பெருகும்போது கட்டிலுக்குக் கீழேயும் நடையோரத்திலும் பாய் விரிக்கப்படும். பாயில் படுத்திருப்பவருக்கும் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். அவரோ எந்த நியமத்திலும் வராதவர்.

ஷிஃப்ட்

பல அரசு மருத்துவமனைகளில் காலை ஆறு மணி நேரம், மாலை ஆறு மணி நேரம், இரவு பன்னிரண்டு மணி நேரம் என்று டியூட்டி பிரிகிறது. தனியாரில் எட்டு மணி நேர முறை உண்டு. ஆள் குறைந்தால் அது பன்னிரண்டாக நீளும். ‘ஓவர் கொடுப்பது’ என்று இவர்கள் சொல்லும் பொறுப்பு ஒப்படைப்பு இந்த நேரத்துக்குள் அடங்காது. ஒவ்வொரு கட்டிலாகப் போய், என்ன மருந்து ஏறுகிறது, எந்தப் பரிசோதனை முடிவு வரவேண்டும், யாருக்குச் சிறுநீர் குறைந்திருக்கிறது என்று அடுத்தவரிடம் சொல்லி, போதை மருந்து அலமாரியின் சாவியை எண்ணிக்கையோடு ஒப்படைக்கும்போது அரை மணி கூடுதலாகியிருக்கும். அதற்குப் பெரும்பாலும் ஊதியக் கணக்கு இல்லை.

எழுத்து வேலை தனிக் கதை. மருத்துவமனைத் தரச்சான்று முறைகள் வந்தபின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு படிவம், ஒரு கையெழுத்து. நோயாளிக்கு இதனால் நன்மை இருக்கிறது: தவறான மருந்து போய்ச் சேரும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் படிவத்தைக் கூட்டியவர்கள் ஆளைக் கூட்டவில்லை. தனியார் மருத்துவமனைகளில் இதோடு காப்பீட்டு ஒப்புதலும் சேரும். காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போவார். காப்பீட்டு நிறுவனத்தின் பதில் மாலையில் வரும். இடைப்பட்ட நேரத்தின் கோபம் முழுவதும் நர்சிங் ஸ்டேஷனில்தான் இறங்கும், எதிரே இருப்பவர் செவிலியர் ஒருவர்தானே.

ஊதியம்

இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழு சொன்னது இது: 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தரவேண்டும். 100க்கு மேல் என்றால் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் குறையலாம். 50 முதல் 100 வரை 25 விழுக்காடு. 50க்குக் கீழே எவ்வளவு சிறியதானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. இவை பரிந்துரைகள். நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு என்று விடப்பட்டதால், சட்டத்தின் பல் இவற்றுக்கு இல்லை. நர்சிங் ஹோம்கள் இன்றும் பதிவு பெறுவது இப்பரிந்துரைகளுக்கு வெகுகாலம் முந்தைய, 1949ஆம் ஆண்டின் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டத்தின் கீழ்.

வேலைக்குச் சேரும்போது பத்திரம் எழுதி வாங்கி, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் பழக்கமும் தனியார் மருத்துவமனைகளில் நெடுங்காலம் இருந்தது. கேரளத்திலிருந்து கல்விக் கடனோடு வரும் பெண்களை அது அதிகம் முடக்கியது. 2011இல் மும்பையில் செவிலியர் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபின்தான் நாடறியப் பேச்சானது.

உடலும் பாதுகாப்பும்

ஊசிமுனை குத்துவது இத்தொழிலின் அன்றாட ஆபத்து. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருந்தால் ஒரு கவலை தீரும். எச்.ஐ.வி. ஐயம் இருந்தால் தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்குத் துளைக்க முடியாத வெள்ளை டப்பா என்று 2016 கழிவு மேலாண்மை விதி சொல்கிறது. நள்ளிரவில் அந்த டப்பா நிரம்பி வழிந்தால் யார் மாற்றுவது என்பதுதான் வார்டின் கேள்வி. முதுகுவலி, கால் நரம்புச் சுருள், காசநோய்த் தொற்று ஆகியவை ஓசையில்லாமல் வருபவை.

உடை மாற்ற ஓர் அறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, இரவில் ஆள் நடமாட்டமுள்ள நடைவழி: இவை வசதிகள் என்ற தலைப்பில் வரவேண்டியவை அல்ல. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்கப்பட்டது, டியூட்டி முடிந்து அடித்தளத்தில் உடை மாற்றும்போது. 2015 மே மாதம் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், படுத்த படுக்கையாகக் கிடந்த அவரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டவர்கள் அதே மருத்துவமனைச் செவிலியர்தாம். மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்க மகாராஷ்டிரம் 2010இல் தனிச் சட்டம் இயற்றியது.

சசூனிலிருந்து சில கிலோமீட்டரில் வேறோர் உலகம் இருக்கிறது. ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரியில் படித்து ராணுவச் செவிலியர் பணியில் சேர்பவர் லெப்டினன்ட். சாதாரண வார்டு சிஸ்டருக்குக் கிடைக்காத குடியிருப்பும் வணக்கமும் அவருக்கு உண்டு. அந்த மரியாதைக்கும் ஒரு விலை இருந்தது. திருமணம் செய்துகொண்டதற்காக 1988இல் ஒரு ராணுவச் செவிலியர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டபோது ஆண்டு 2024.

தொற்றுக் காலங்கள்

பிளேக்குக்காக 1897இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு அதிகாரம் தந்தது. நோயாளியைத் தொடுபவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 123 ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரல் அவசரச் சட்டத்தில்தான் மருத்துவப் பணியாளரைத் தாக்குவது அதன்கீழ்த் தனிக் குற்றமானது.

இடைப்பட்ட காலத்தில் புனே மற்றொரு சோதனையையும் கண்டது. 2009 ஆகஸ்டில் இந்தியாவின் முதல் பன்றிக்காய்ச்சல் மரணம் இங்கேதான். பரிசோதனைக்கு வந்த கூட்டம் மாநகராட்சியின் நாயுடு தொற்றுநோய் மருத்துவமனையில் குவிந்தது. 2020 மார்ச் 9 அன்று மகாராஷ்டிரத்தின் முதல் கோவிட் நோயாளிகள் சேர்க்கப்பட்டதும் அங்கேதான். அம்மாத இறுதியில் பிரதமர் அங்குள்ள செவிலியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, மராத்தியில் நலம் விசாரித்துப் பேச்சைத் தொடங்கினார். பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் ஊறி, கழிப்பறைக்குப் போக முடியாமல் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு ஒரு ஷிஃப்டைக் கழித்தவர்களைப் பல வாடகை வீடுகள் வாசலிலேயே நிறுத்தின.

ஆகஸ்டில் பொறியியல் கல்லூரி மைதானத்தில் 800 படுக்கைகளோடு ஜம்போ மருத்துவமனை எழுந்தது. கூடாரத்தையும் ஆக்சிஜன் குழாயையும் சில வாரங்களில் நிறுத்திவிட முடிந்தது. வெண்டிலேட்டரைக் கையாளத் தெரிந்த செவிலியரை அப்படி நிறுத்த முடியவில்லை. ஒப்பந்தத்தில் ஆள் சேர்க்கப்பட்டது, தொற்று ஓய்ந்ததும் ஒப்பந்தமும் ஓய்ந்தது.

2022 மே இறுதியில், செவிலியர் பணியிடங்களைத் தனியார் நிறுவனங்கள் வழியாக நிரப்பும் முடிவை எதிர்த்து மாநில அரசுச் செவிலியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சசூனிலும் அறுவைகள் தள்ளிப்போயின. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு, ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துக்குப் பயிற்சி பெற்றவர்களை அனுப்ப ஒப்பந்தம் செய்துகொண்டது. அனுப்பப்படுவோரில் செவிலியரும் உண்டு.