ஐராவதிக் கரையில் தோட்டத் தமிழர்: நெகிரி செம்பிலானும் இந்திய தேசிய இராணுவமும்

இந்திய தேசிய இராணுவத்தின் வரலாறு பேசப்படும்போதெல்லாம் இம்பால், கோகிமா என்னும் இரு களங்களும் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குருபக்ஷ் சிங் தில்லான் என்னும் மூன்று தளபதிகளும் முதலிடம் பெறுதல் வழக்கம். நெகிரி செம்பிலான் போன்ற மாநிலங்களின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழரோ ‘தொண்டர்கள்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். அவர்களுடைய போரை 1944 ஆம் ஆண்டின் இம்பாலில் தேடுவதைக் காட்டிலும் 1945 ஆம் ஆண்டின் ஐராவதி ஆற்றங்கரையில் தேடுவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஜப்பானியர் வருகைக்கு முன்பே தோட்டங்களில் அமைதி குலைந்திருந்தது. 1941 ஆம் ஆண்டு அண்டை மாநிலமான சிலாங்கூரில் ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்த கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியோடு, துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்குவதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார், துருப்புகள் வரவழைக்கப்பட்டன, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓராண்டு கழிவதற்குள், 1942 சனவரி 14 இல், நெகிரி செம்பிலானின் கெமாஸ் வட்டாரத்திலுள்ள கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கினர். அப்பாலத்தைக் கடந்து வந்த ஜப்பானியர் பெரும்பாலும் மிதிவண்டியில் வந்தவர்களே. இப்படை துரைமாரின் ஆட்சியைச் சில வாரங்களில் வீழ்த்தியதைக் கண்ட தோட்ட மக்களின் மனத்தில் என்ன மாற்றம் நிகழ்ந்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

ஆனால் அம்மாற்றத்தின் பயன் விடுதலையாக வரவில்லை. இரப்பர் ஏற்றுமதி நின்றது, கூலி பொருளற்றதாயிற்று, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. சயாம்–பர்மா இரயில் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொண்டு செல்லப்பட்டு, திரும்பாமலே மடிந்தனர். இந்நிலையில்தான் 1943 சூலையில் நேத்தாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அதற்கு முன் மோகன் சிங் தலைமையில் அமைந்த படை பெரிதும் போர்க்கைதிகளால் ஆனது. நேத்தாஜியோ குடிமக்களையும் அழைத்தார். சிரம்பானிலும் பயிற்சி முகாம் ஏற்பட்டது. பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தியதைத் தேசப்பற்று ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது. சயாமுக்கு அனுப்பப்படுவதிலிருந்து தப்புதல், உணவு, கங்காணிக்கும் கிராணிக்கும் கீழ்ப்படியாத ஒரு வாழ்வு என்பனவும் காரணங்களே. இவற்றைச் சொல்வதால் அவர்களின் தியாகம் குறைந்துவிடும் என்று கருதுவோர் உளர், அவ்வச்சம் தேவையற்றது. சிங்கப்பூரில் இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படைக்கும் தோட்டப் பெண்கள் பலர் சென்றனர்.

இம்பால் போரில் ஈடுபட்டது முகமது ஜமான் கியானியின் முதலாம் டிவிஷன். அதில் பழைய பிரிட்டிஷ் இந்தியப் படையினரே மிகுதி. மலாயாவில் திரட்டப்பட்ட தமிழர் கணிசமாக இடம்பெற்றது இரண்டாம் டிவிஷனைச் சார்ந்த நேரு படைப்பிரிவில். இதன் தளபதி தில்லான். 1945 இன் தொடக்கத்தில் இப்பிரிவு ஐராவதியின் கரையில் நியாங்கு, பாகான் ஆகிய இடங்களைக் காக்க நிறுத்தப்பட்டது. பீரங்கி இல்லை, வானூர்தித் துணை இல்லை, நீண்ட ஆற்றங்கரைக்கு ஆள்பலமும் போதவில்லை. பிப்ரவரி 14 அன்று பிரிட்டிஷ் இந்திய 7 ஆம் டிவிஷன் ஆற்றைக் கடந்தது. நியாங்குவில் முதலில் வந்த படகுகள் இயந்திரத் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகிப் பெருஞ்சேதம் அடைந்தன. பின்னர் வானூர்திகளும் பீரங்கிகளும் டாங்கிகளும் கரையைத் தாக்க, எதிர்ப்பு அடங்கியது. பாகானில் நிகழ்ந்தது வேறு: முதல் முயற்சி பின்வாங்கிய பிறகு, கரையிலிருந்தோர் வெள்ளைக்கொடியுடன் படகில் வந்து சரணடைய முன்வந்தனர்.

அவ்வெள்ளைக்கொடி பிரிட்டிஷார் எழுதிய நூல்களில் ஏளனத்திற்கும், நம்மவர் நூல்களில் மௌனத்திற்கும் உரியதாயிற்று. இரண்டும் சரியன்று. ஒரே நாளில், ஒரே படைப்பிரிவில், ஓரிடத்தில் எதிர்த்து நின்றோரும் மற்றோரிடத்தில் சரணடைந்தோரும் இருந்தனர். தோற்றுக்கொண்டிருந்த போரின் இறுதிக்கட்டத்தில், சில மாதப் பயிற்சி பெற்றோரை ஒரு டிவிஷனுக்கு எதிரே நிறுத்திய சூழலை வைத்தே இதனை மதிப்பிட வேண்டும். தில்லான் எஞ்சியோருடன் போபா மலைப்பகுதிக்குப் பின்வாங்கினார். அங்கே சேகலின் படையும் ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது. சேகல் ஏப்ரல் இறுதியில் சரணடைய, ஷா நவாஸ் கானும் தில்லானும் மே மாதம் பிடிபட்டனர்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணை இம்மூவரையும் இந்தியா முழுதும் அறியச் செய்தது. 1946 சனவரியில் தண்டனை தள்ளுபடியாகி அவர்கள் விடுதலை பெற்றனர். அவ்விசாரணை இந்திய இராணுவச் சட்டத்தின்படி நடந்தது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்திருந்த படையினரே அச்சட்டத்திற்கு உட்பட்டவர். சிரம்பானிலிருந்து சென்ற பால்வெட்டுத் தொழிலாளி அத்தகைய பிரமாணம் எதையும் செய்தவரல்லர். எனவே அவரைக் குற்றவாளியாக நிறுத்த அச்சட்டத்தில் வழியில்லை. குற்றப்பத்திரிகை இல்லாமையால் வாக்குமூலம் இல்லை. வாக்குமூலம் இல்லாமையால் ஆவணக்காப்பகத்தில் பெயரும் இல்லை. தோட்டத் தமிழர் வரலாற்றில் பெயரற்றுப் போனமைக்கு அவர்களின் எழுத்தறிவின்மையை மட்டும் காரணமாகக் கூறுவது இதனால் பொருந்தாது.

திரும்பி வந்தோரை அதே லயங்களும் அதே துரைமாரும் எதிர்கொண்டனர். கீழ்ப்படிதல் மட்டும் முன்போல் இல்லை. கெடாவில் தொண்டர் படை தோன்றியது. நெகிரி செம்பிலானில் 1946 இல் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் முன்னணியில் இருந்தார். அச்சங்கமும் பிற மாநிலச் சங்கங்களும் இணைந்து 1954 இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அதன் பொதுச்செயலாளர் பொறுப்பும் நாராயணனிடமே வந்தது.