பொதுச்சுவர்ச் சட்டம், 1996

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், வீட்டை எல்லையோரம் நீட்டிக் கட்டுவோர் பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம். அண்டைக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதென்றால் ஒரு மாத அவகாசம் தர வேண்டும். கட்டட அனுமதி கையில் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. உயரத்தையும் தோற்றத்தையும் பார்க்கும் அந்த அனுமதிக்குப் பக்கத்துச் சுவரில் விழக்கூடிய விரிசல் பொருட்டல்ல. பக்கத்து வீட்டார் முரண்டு பிடித்தால் வேலை முடங்கிவிடாதா? முடங்காது. தோண்டும் வேலைக்கு 14 நாளில் சம்மதம் வராவிட்டால் தகராறாகக் கொண்டு சர்வேயர்கள் முடிவு சொல்வார்கள்; செலவு பெரும்பாலும் கட்டுபவர் தலையில்தான். எல்லைக்கோட்டின் மேலேயே புதுச்சுவர் எழுப்ப மட்டும் மறுப்பு செல்லும். அதைத் தன் மனைக்குள் தள்ளிக் கட்ட வேண்டியதுதான். சட்டத்தின் நிஜமான ஓட்டை வேறு: அறிவிக்காமல் கட்டுபவருக்கு அபராதமே கிடையாது, பாதிக்கப்படுபவர்தான் தடையாணைக்கு நீதிமன்றம் ஏற வேண்டும்.