கிழிந்த ஜவ்வோடு ஒரு வெண்கலம்

"முட்டில ஜவ்வு கிழிஞ்சிருச்சாம்" என்கிற வாக்கியத்தை நம்மூர் மைதானங்களில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கபடிக்காரனோ கால்பந்துக்காரனோ, அவன் கதை அத்தோடு முடிந்தது என்பதுபோலத்தான் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அடுத்த கேள்வியும் எப்போதும் ஒன்றே: "ஆபரேஷன் பண்ணிட்டா மறுபடி ஆடலாமா?" இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு மலைச் சைக்கிள்காரியின் முழங்காலை எடுத்துக்கொள்கிறேன்.

ஜில் கிண்ட்னர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்காரர், பிறந்தது 1981இல். சின்ன வயதிலேயே பிஎம்எக்ஸ். சின்னச் சக்கரம், மண் மேடு, எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஒரு சரிவிலிருந்து பாயும் பந்தயம். பிறகு மலைச் சைக்கிளுக்கு மாறினார். அங்கே ஃபோர் கிராஸ் என்றொரு பிரிவு இருந்தது. மலைச்சரிவில் செதுக்கிய பாதையில் நான்கு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு இறங்குவார்கள். முதலில் வரும் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். பிஎம்எக்ஸில் வளர்ந்தவர்களுக்கு அது தாய்வீடு மாதிரி. 2005, 2006, 2007 என மூன்று வருஷம் தொடர்ந்து உலகப் பட்டம் கிண்ட்னருக்கே.

2008 பெய்ஜிங்கில் பிஎம்எக்ஸ் முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. ஃபோர் கிராஸுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒலிம்பிக் வேண்டும் என்றால் பழைய சின்னச் சக்கரத்துக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பினார். அந்தத் தயாரிப்பின் நடுவில்தான் முழங்காலின் ஏசிஎல் கிழிந்தது.

இந்த ஏசிஎல் என்னதான் செய்கிறது? முழங்காலுக்குள் இரண்டு நாண்கள் சிலுவைபோலக் குறுக்கே போகின்றன. முன்னால் இருப்பது, கால் எலும்பு தொடை எலும்புக்கு முன்னே நழுவிவிடாமலும் மூட்டு அளவுக்கு மீறித் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைத்திருக்கிறது. அது அறுந்த பின்னும் நேராக நடக்கலாம், படி ஏறலாம். ஓடுகிறபோது சட்டென்று திசை மாற்றினால்தான் சிக்கல். முட்டி "விட்டுவிடும்". அடிபட்டவர்கள் எல்லோரும் இந்த வார்த்தையைத்தான் சொல்வார்கள். வலியைவிட அந்த நம்பிக்கையின்மைதான் அவர்களுக்குப் பெரிய தொல்லை. போதாக்குறைக்கு, முழுக்க அறுந்த ஏசிஎல் பெரும்பாலும் தானாக ஒழுங்காகக் கூடிக்கொள்வதுமில்லை.

இதை முதலில் தைத்துப் பார்த்தவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் மேயோ ராப்சன். வருஷம் 1895. நோயாளி விளையாட்டு வீரர் இல்லை, 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தில் நடந்த விபத்தில் அவருக்கு இரண்டு சிலுவை நாண்களுமே போயிருந்தன. ராப்சன் அவற்றைத் திரும்ப எலும்பருகே தைத்தார். அந்த மனிதரால் பின்னர் நன்றாக நடக்க முடிந்தது என்று 1903இல் எழுதினார். எனக்கு இந்த விவரம் முக்கியமாகப் படுகிறது. முழங்காலைச் சரிசெய்வது தொடக்கத்தில் பதக்கத்துக்காக இல்லை, கூலிக்காக. அந்த ஆள் திரும்பிப் போக வேண்டியிருந்தது சுரங்கத்துக்கு.

தைத்தால் நிற்காது என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. 1917இல் பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ் புது வழி ஒன்றைச் சொன்னார். பழைய நாணைத் தைப்பதற்குப் பதில், தொடையின் வெளிப்பக்கத்துத் தசையுறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளையிட்டு அதன் வழியே செலுத்தி, புது நாணாக ஆக்குவது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். 1963இல் கென்னத் ஜோன்ஸ் முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணின் நடுப்பகுதியை எடுத்தார். பிறகு தொடையின் பின்பக்கத்துத் தசைநாண்கள் வந்தன. மொத்தத்தில், உடம்பின் ஓரிடத்தில் கடன் வாங்கி இன்னோரிடத்தில் கட்டுவது. கடன் வாங்கிய இடமும் பின்னால் கணக்குக் கேட்கும், அது வேறு கதை.

இடையில் ஜப்பானில் ஒருவர். 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவர் கவலை விளையாட்டு வீரர்களைப் பற்றியதே அல்ல. காசநோய் மூட்டைப் பிடித்து மடக்க முடியாமல் செய்துவிடுவதைப் பற்றியது. மண்டியிட்டு உட்காரும் ஒரு சமூகத்தில் முட்டி மடங்காமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு, யோசித்துப் பாருங்கள். அவருடைய மாணவர் மசாகி வதனபே அந்தக் கருவியை வளர்த்து, 1962இல் குழாய் வழியாகவே குருத்தெலும்பு வட்டின் கிழிசலை எடுத்துக் காட்டினார். முழங்காலை முழுசாகத் திறக்காமல் சின்னத் துளை போட்டுச் செய்யும் இன்றைய அறுவைக்கு அதுதான் வேர்.

ஆனால் கத்தியைவிடப் பெரிய மாற்றம் கத்திக்குப் பின்னால் நடந்தது. பல பத்தாண்டுகள் அறுவை முடிந்ததும் மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் காலை அசையவே விடமாட்டார்கள். கட்டைப் பிரித்தால் தொடை சூம்பியிருக்கும், முட்டி மடங்காது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டொனால்ட் ஷெல்பர்ன் என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சொன்னபேச்சு கேட்காமல் முன்கூட்டியே நடக்கத் தொடங்கிய நோயாளிகள், சமர்த்தாகப் படுத்திருந்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள்! 1990இல் அவரும் பால் நிட்ஸும் அதையே முறையாக்கி வெளியிட்டார்கள்: சீக்கிரமே காலை முழுதாக நீட்டு, சீக்கிரமே எடையை ஊன்று. அடங்காத நோயாளிகள் மருத்துவத்துக்குப் பாடம் எடுத்த இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த மறுபயிற்சியில் முதலில் வரும் கருவிகளில் ஒன்று நகராத சைக்கிள். காரணம் எளிது. பெடலில் பாதம் ஒரே இடத்தில் இருக்கிறது, முட்டி ஒரே தளத்தில் மேலும் கீழும் போகிறது, திருகல் கிடையாது. ஏசிஎல்லுக்கு இழுவை மிகக் குறைவு.

இங்கேதான் கிண்ட்னரின் முடிவு புரியத் தொடங்குகிறது. அறுவை செய்துகொண்டு பழைய வேகத்துக்குத் திரும்ப ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகலாம். செய்துகொண்டால் பெய்ஜிங் இல்லை. அவர் அறுவையைத் தள்ளிப்போட்டார். கிழிந்த ஜவ்வோடு, சுற்றியிருக்கும் தசைகளை நம்பி, முட்டிக்குக் கவசம் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போனார். சைக்கிள்காரி என்பதால் மட்டுமே இது சாத்தியம். கால்பந்து வீராங்கனையாக இருந்தால் முதல் திருப்பத்திலேயே முட்டி விட்டிருக்கும். ஆனால் ஆபத்து இல்லாமல் இல்லை. பிஎம்எக்ஸ் வளைவில் சறுக்கும்போது காலைத் தரையில் ஊன்றிவிடுவது அனிச்சைச் செயல். அந்த ஒரு ஊன்றல் போதும், மிச்சமிருக்கும் குருத்தெலும்பையும் சேர்த்துக் கிழிக்க. ஒவ்வொரு முறை கதவு விழும்போதும் அவர் எதைப் பணயம் வைத்தார் என்று பதக்கப் பட்டியலில் எழுதியிருக்காது.

மழையால் ஒருநாள் தள்ளிப்போய் 2008 ஆகஸ்ட் 22 அன்று இறுதிப் போட்டி. பந்தயம் முழுசுமே நாற்பது நொடிக்குள். பிரிட்டனின் ஷனேஸ் ரீட் வெல்வார் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். முன்னால் போனவர் பிரான்ஸின் ஆன்-கரோலின் ஷோசோன். அவரும் மலைச் சைக்கிள்காரிதான். டவுன்ஹில்லில் ஒன்பது உலகப் பட்டம் வாங்கியவர். கடைசி வளைவில் அவரை உள்பக்கமாக முந்தப் பார்த்த ரீட் சக்கரம் உரசி விழுந்தார். ஷோசோன் 35.976 நொடி. இன்னொரு பிரெஞ்சுக்காரி லெட்டீஷியா லெ கோர்கியே 38.042. கிண்ட்னர் 38.674, வெண்கலம். அறுவை அதற்குப் பிறகுதான்.

இதை "மன உறுதிக்குக் கிடைத்த பரிசு" என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரீட் விழாமல் இருந்திருந்தால் அதே முழங்கால், அதே உறுதி, அநேகமாக நான்காவது இடம். அப்போது அவர் எடுத்த முடிவை எல்லோரும் முட்டாள்தனம் என்றிருப்பார்கள். முடிவு சரியா என்பதைப் பதக்கத்தை வைத்து அளக்கக் கூடாது.

வேறு எதை வைத்து அளப்பது? 2010இல் ஸ்வீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஏசிஎல் கிழிந்த 121 பேர், 18லிருந்து 35 வயதுக்குள். பாதிப் பேருக்கு உடனே அறுவை. மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சிக் குழுவின் 59 பேரில் அதற்குள் அறுவைக்குப் போனவர்கள் 23 பேர்தான். தொழில்முறை வீரர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிண்ட்னர் முடிவெடுத்தபோது அந்த ஆய்வு வெளிவரவே இல்லை. கையில் இருந்தது உடம்பு, ஒரு தேதி, அவ்வளவுதான். பின்னால் வந்த அறிவு அவர் முடிவை நிரூபிக்கவும் இல்லை, பொய்யாக்கவும் இல்லை. காத்திருப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல என்று மட்டும் சொன்னது.

திரும்பி வருவதைப் பற்றியும் எண்கள் இருக்கின்றன. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65. போட்டிக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம் மட்டுமே. நம் மைதானத்துக் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: பாதிக்குக் கொஞ்சம் மேல். திரும்பாதவர்களில் நிறையப் பேரைத் தடுத்தது மூட்டு இல்லை, மறுபடி விழுவோமோ என்கிற பயம். அது ஸ்கேனில் தெரியாது.

கிண்ட்னர் திரும்பினார். ஆனால் எங்கே என்பதுதான் விஷயம். பெய்ஜிங்கோடு ஒலிம்பிக் பிஎம்எக்ஸை விட்டுவிட்டு மலைக்கே வந்தார். கொஞ்ச நாளில் மலை மாறிப்போனது. 2011க்குப் பிறகு ஃபோர் கிராஸ் உலகக் கோப்பைத் தொடரிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. மூன்று முறை உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஆட்டமே கண்முன்னால் கரைந்துபோனது. முழங்காலை ஒட்டவைக்கலாம், போட்டி அட்டவணையை யார் ஒட்டவைப்பது?

இந்த விளையாட்டில் அப்படி நடப்பது புதிதும் இல்லை. 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய கனமான சைக்கிள்களை எடுத்துக்கொண்டு சில இளைஞர்கள் ஒரு மண்சாலையில் கடிகாரம் வைத்து இறங்கினார்கள். பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்துபோகும், ஓட்டிய பிறகு மறுபடி அடைக்க வேண்டும். அதனால் அந்த இறக்கத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் எல்லாம் அந்தக் கூட்டம். அடுத்த வருஷமே பிரீஸ் இதற்கென்று தனிச் சட்டகம் செய்தார். 1990இல் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி, 1996இல் ஒலிம்பிக். இருபது வருஷத்தில் இவ்வளவு தூரம் ஓடிய விளையாட்டு, வழியில் பல பிரிவுகளை உதிர்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறது.

கிண்ட்னர் டவுன்ஹில்லுக்குப் போனார், அமெரிக்கத் தேசியப் பட்டங்கள் வாங்கினார். பிறகு கனடாவின் விஸ்லரில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய கிராங்க்வொர்க்ஸ் திருவிழா. அங்கே ஒரு வருஷத்தின் எல்லாப் பிரிவுப் புள்ளிகளையும் கூட்டி 'ராணி' பட்டம் கொடுப்பார்கள். முப்பது வயதைத் தாண்டிய பிறகு அதைப் பலமுறை வாங்கினார். அந்தப் பிரிவுகளில் ஒன்று பம்ப் ட்ராக். அலை அலையான மேடுகள், பெடல் மிதிக்காமலேயே சுற்றிவர வேண்டும். மேட்டில் ஏறும்போது முட்டியை மடக்கி உடம்பை இலகுவாக்குவதும், பள்ளத்தில் இறங்கும்போது காலை நீட்டித் தள்ளுவதும்தான் வேகம். எஞ்சினே முழங்கால்தான். அதில் அவரைத் தோற்கடிப்பது ரொம்ப வருஷத்துக்குக் கஷ்டமாக இருந்தது.