பார்வோனாகிய பெண்ணரசி

கி. மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்து தேசத்தை ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆண்ட ஹட்செப்சுட் என்னும் மாதரசியை, ஒரு பாலகனின் முடியைக் கவர்ந்தவள் என்றே முன்னைய சரித்திராசிரியர் பலர் எழுதிப் போயினர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு நோக்குவாம்.

முதலாம் துட்மோஸ் மன்னனுக்கும் பட்டத்தரசி அஹ்மோசுக்கும் பிறந்தவள் இவள். தந்தையின் வேறொரு மனைவி வயிற்றிற் பிறந்த இரண்டாம் துட்மோசை மணந்தாள். (இவ்வழக்கம் நமக்கு அருவருப்பைத் தரலாம், அவ்வரச குலத்தார்க்கு அது தகாததன்று.) கணவன் இறந்தபோது, இசிஸ் என்னும் மற்றொரு மனைவியின் சிறு மகனே மூன்றாம் துட்மோஸ் என முடிசூடினான். அவன் பெயரால் நாட்டைப் பரிபாலித்தவள் ஹட்செப்சுட்.

இவ்வளவிற் புதுமை யாதுமில்லை. அரசன் சிறுவனாயின் அரசமாதேவி நாடு காப்பது எகிப்தியர் முன்னரே கண்டதொன்று. தொடக்கத்தில் அவள் பூண்டிருந்தவை அரசி, ஆமுன் தேவனின் 'தெய்வ மனைவி' என்னும் பட்டங்களே. 7ஆம் ஆட்சியாண்டளவிலோ மாஅத்கரே என்னும் முடிப்பெயருடன் வேந்தர்க்குரிய பட்டங்கள் யாவும் அவளுடையனவாயின. செனன்முட் என்னும் அவளது பேரதிகாரியின் பெற்றோரை அடக்கிய கல்லறையிற் கிடைத்த முத்திரைச் சாடிகள் இதற்குச் சான்று.

படையெடுத்தா இதனைச் சாதித்தாள்? அன்று. ஆமுன் கோயிலின் தலைமைக் குரு ஹபுசெனெப் முதலானோர் அவள் பக்கம் நின்றனர். ஆமுன் தேவனே தன் தந்தையுருவில் வந்து தன்னைத் தோற்றுவித்தான் என டெர் எல் பஹ்ரிக் கோயிற் சுவர்களிற் செதுக்குவித்தாள். தந்தையே தன்னை வாரிசாக அறிவித்தான் என்றும் எழுதுவித்தாள். இவை அரசியற் புனைவுகள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் புனைவைத் தேடியவள் வாளைத் தேடவில்லை என்பதையும் மறுத்தல் இயலாது.

பாலகனுக்கு என்ன நேர்ந்தது? அவன் கொல்லப்படவுமில்லை, முடி துறக்கவுமில்லை. ஆட்சியாண்டுகள் அவன் முடிசூடிய நாளிலிருந்தே எண்ணப்பட்டன. வளர்ந்து, அவளுக்குப்பின் தனியாண்டு, மெகிடோப் போரில் வென்ற மாவீரனும் அவனே. அவள் பெயரும் உருவும் சிதைக்கப்பட்டமை மெய்யே. ஆனால் அது அவள் மறைந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழிந்தபின், அவனது முதுமைக்காலத்தில் நிகழ்ந்தது. உள்ளத்துக் குரோதம் அத்துணைக் காலம் பொறுத்திருக்குமா? தன் மகனுக்கு அரியணையை உறுதிசெய்யவே அவன் அவ்வாறு செய்தான் என்று கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

பிற்காலத்து அபைடொஸ் மன்னர் வரிசையிலும் அவள் பெயர் இல்லை. எனினும் சிதைத்தோரின் உளிக்குத் தப்பியன சில. 1829இல் அக்கோயிலைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் சம்போலியோன், தாடி தரித்த வேந்தனொருவனின் உருவத்தருகே பெண்பால் விகுதிகள் பொறித்திருத்தல் கண்டு திகைத்தார்.