களத்தில் பட்டவர்கள்

1755ஆம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆற்காட்டு நவாபு முகமது அலிக்குப் போய்ச் சேரவேண்டிய கப்பம் நின்றுபோயிருந்தது. அதை வசூலித்துக் கொடுக்கக் கர்னல் ஹெரான் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஒன்று மதுரை வழியாகத் தெற்கே இறங்கியது. கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கானும், சிப்பாய்களுக்குத் தளபதியாக யூசுப்கானும் வந்தார்கள். தாமிரபரணிப் பாய்ச்சலில் காரும் பிசானமுமாக விளைந்த நெல்தான் இத்தனை துப்பாக்கிகளையும் இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

நெற்கட்டும்செவல் பூலித்தேவரிடம் ஹெரான் இருபதாயிரம் ரூபாய் கேட்டதும், அவர் மறுத்ததும், வெள்ளைக்காரத் தளபதி வெறுங்கையோடு திரும்பியதும் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதே படையெடுப்பில் நடந்த இன்னொரு சம்பவத்தை மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை.

திருநெல்வேலிக்குத் தெற்கே 40 மைல் தொலைவில் நெல்லிக்கோட்டை என்றொரு கோட்டை. படை அதற்குள் புகுந்தது. உள்ளே ஆண், பெண், குழந்தைகள் என்று சுமார் 400 பேர். வெட்டி முடித்தபோது உயிரோடு மிஞ்சியவர்கள் ஆறே பேர். இதை எழுதி வைத்தவர் பூலித்தேவரின் ஆளல்ல. அப்போது சென்னையில் கம்பெனியின் ஆலோசனை சபையில் உறுப்பினராக இருந்த ராபர்ட் ஓர்ம். பின்னாளில் பிஷப் கால்டுவெல் தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் அதை எடுத்துச் சொன்னார். வெட்டியவர்களின் தரப்பிலிருந்தே வந்த கணக்கு இது. இருந்தும் அந்த 394 பேரில் ஒருவரின் பெயரும் அந்த ஏடுகளில் இல்லை.

நெல்லைச் சீமையின் பாளையக்காரர் போர்களைப் பற்றிப் பேசும்போது நாம் தலைவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லத்தான் வேண்டும். 1799 செப்டம்பர் 5ஆம் தேதி கம்பெனித் தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி, படைத்தலைவர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் வெள்ளை அதிகாரிகள் கூடி விருந்துண்டுகொண்டிருந்த நேரத்தில், மாறுவேடத்தில் நுழைந்த ஆட்கள் சிறையைத் திறந்தார்கள். தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஆறே நாளில் மண்சுவராய் மறுபடி எழுந்து நின்றது.

அந்தச் சுவருக்கு முன்னால் விழுந்தவர்கள் எத்தனை பேர்! மார்ச் 31ஆம் தேதித் தாக்குதலில் முன்னணியில் பாய்ந்த ஐரோப்பியர்கள் 120 பேர். அவர்களில் காயமின்றித் தப்பியவர்கள் 46 பேர் மட்டுமே. உள்ளிருந்தவர்கள் நீண்ட ஈட்டிகளோடு உடைப்பில் நின்று தடுத்தார்கள். செத்த வெள்ளையர்களும் பெரும்பாலும் சம்பளத்துக்குக் கப்பலேறி வந்த ஏழை வீட்டு இளைஞர்கள்தான். சிப்பாய்களோ இந்தத் தென்னாட்டின் பிள்ளைகள். கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டார்கள்.

மே 24ஆம் தேதி கர்னல் அக்னியூவின் பீரங்கிகள் கோட்டையை உடைத்தன. வெளியேறியவர்கள் கூட்டம் கலையாமல் போனார்கள். குதிரைப்படை துரத்தித் துரத்தி வெட்டியது. அன்று இரவு நடந்ததை அந்தப் போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி 1830இல் வெளியான தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் களத்துக்கு வந்து, தங்கள் வீட்டு ஆண்களைப் பிணங்களுக்கு நடுவே தேடினார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்துவிட்டாள். உயிர் இருந்தது. தூக்கப் போனவளை மகன் தடுத்தான். தன்னை விட்டுவிடும்படியும், அருகே காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படியும் சொன்னான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. அவள் மகனை அங்கேயே விட்டுவிட்டு, மற்றப் பெண்களோடு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். தேடிக்கொண்டு, கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது, அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு பிள்ளை இறந்துவிட்டான் என்று கூடி ஒப்பாரி வைத்தார்கள். அம்மைக்குப் பயந்து வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள்.

விசுவாசத்துக்கு உதாரணமாகவே இந்தக் கதை எப்போதும் சொல்லப்படுகிறது. அந்தத் தாயின் பக்கம் நின்று பார்த்தவர்கள் குறைவு. ஒப்பாரிக்குக் காரணம் பொய்யாக இருக்கலாம். அழுகை பொய்யாக இருந்திருக்க வழியில்லை. அவள் பெற்ற பிள்ளை களத்தில் கிடந்தான். அவள் காப்பாற்றிய தலைவரும் ஆறு மாதம் தாண்டவில்லை. பிடிபட்டு நவம்பர் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலேறினார். அந்தச் சேதி அவள் ஊரை எட்டியபோது அவள் என்ன செய்தாள் என்பதை வெல்ஷும் எழுதவில்லை, வேறு யாரும் எழுதவில்லை.

போரின் நடுவிலும் மனம் இளகிய இடங்கள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டால் இந்தச் சரித்திரம் முழுமையாகாது. கிளர்ச்சியாளர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது பேகட் என்ற ஆங்கிலத் துறைமுக அதிகாரி சிறைப்பட்டு, பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோகப்பட்டார். அவருடைய மனைவி பின்னாலேயே போய்க் கணவருக்காகக் கெஞ்சினார். உடனே விடுதலை கிடைத்தது. ஊமைத்துரையின் அண்ணனைத் தூக்கிலிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவரை ஒரு பெண்ணின் கண்ணீருக்காக அனுப்பிவைத்தது, எந்தக் கோட்டையைப் பிடித்ததற்கும் குறைந்த காரியமல்ல.

தூக்குமரத்துக்குத் தப்பியவர்களுக்காகக் கடல் காத்திருந்தது. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் ஒருவன், ஊமைத்துரைக்குத் துணைநின்ற சிவகங்கைச் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, பதினைந்து வயதுப் பையன். கைதிகளுக்குக் காவல் நின்றவர் அதே வெல்ஷ். 1818இல் அவர் பினாங்குக்குப் போனபோது கூனிப்போன ஒரு கிழவர் எதிரே வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்ட பிறகுதான் புரிந்தது, அது துரைசாமி என்று. அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். சின்ன மருதுவோடு பழகி, அவரிடம் ஈட்டி எறியக் கற்றுக்கொண்ட வெல்ஷ், அந்தச் சந்திப்பு நெஞ்சில் கத்தியாய்ப் பாய்ந்ததாக எழுதினார்.

1801 டிசம்பர் முதல் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது. கோட்டைகள் இடிபட்டன, ஆயுதம் வைத்திருப்பது குற்றமானது. ஆற்றங்கரை வயல்களில் படை மிதிக்காத பிசானம் அதன் பிறகு அறுவடையானது. அது வென்றவன் விதித்த அமைதி. வரியும் பழையபடி இருந்தது. ஆனாலும் களத்தில் பிணம் புரட்டித் தேடிய பெண்களின் வீட்டில் அடுத்த பிள்ளை உயிரோடு வளர அது இடம் கொடுத்தது. சுதந்திரத்தின் பெருமையைப் பாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வதால் அந்த வீரர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

ஆயுதத்தைப் பறிகொடுத்த அந்தச் சனங்கள் செத்தவர்களை மட்டும் விட்டுவிடவில்லை. கட்டபொம்மன் மாண்ட கயத்தாறில் வழிப்போக்கர்கள் கல்லெடுத்துக் குவித்தார்கள். 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பிக்கு எதிராக ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைத் தாக்கியபோது போல் என்ற ஆங்கிலக் கேப்டன் படுகாயமடைந்து இறந்தார். அவரைப் புதைத்த இடத்திலும் ஊரார் படையல் வைத்தார்கள் என்று கால்டுவெல் சொல்கிறார். படைத்தது சாராயமும் சுருட்டும். அற்பாயுசில் அடிபட்டுச் செத்தவன், ஊரைவிட்டு வெகுதூரத்தில் பசித்துக் கிடக்கிறான் என்பதற்கு மேல் அவனைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. நெல்லைச் சீமை இப்படித் தெய்வமாக்கிக்கொண்ட மற்றவர்களைத் தேடி அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)