லார்ழான் (பணம்)

லார்ழான், எமில் ஸோலா 1891இல் வெளியிட்ட நாவலைத் தழுவி மார்செல் லெர்பியே இயக்கிய பிரெஞ்சு மௌனப்படம் (1928). ரூகோன்-மக்கார் நாவல் வரிசையில் பதினெட்டாவதான மூலநூலுக்கு 1882இல் யூனியோன் ஜெனரால் என்னும் வங்கி முறிந்த நிகழ்வு தூண்டுதலாக இருந்தபோதிலும், ஸோலா கதையை 1860களில், இரண்டாம் பேரரசுக் காலத்தில் நிறுத்தினார். லெர்பியே அதைத் தம் காலத்துப் பாரிசுக்குக் கொண்டுவந்தார். ஸோலாவின் மற்றொரு நாவலை முன்பே படமாக்கியிருந்த ஆந்த்ரே அந்துவான் இம்மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தார்.

விமானியான அம்லேன் அட்லாண்டிக்கைக் கடந்து கயானா செல்லும் பயணத்தைக் காட்டித் தன் வங்கியின் பங்குகளை விலையேற்றும் சக்காராகப் பியேர் அல்கோவெர் நடித்தார். அவனை வீழ்த்தும் குண்டெர்மானாக ஆல்ஃபிரெட் ஆபெலும், சீமாட்டி சாண்டோர்ஃபாக பிரிகிட்டே ஹெல்மும் தோன்றினர். இருவரும் முந்தைய ஆண்டு வெளியான ஜெர்மானியப் படமாகிய மெட்ரோபோலிஸில் நடித்தவர்கள்.

படப்பிடிப்பைப் பற்றிய செய்திகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. இளைஞர் ழான் த்ரெவில் அதை உடனிருந்து படம்பிடித்து, தனி ஆவணப்படமாகத் தொகுத்தமையே அதற்குக் காரணம். பங்குகள் ஏலக்கூச்சலுக்கிடையே அன்று கைமாறிவந்த பாரிஸ் பங்குச் சந்தையின் மாளிகை, 1928 பெந்தெகொஸ்தே விடுமுறையின் மூன்று நாள்களுக்குப் படக்குழுவினர் வசம் வந்தது. அங்கே திரட்டப்பட்ட துணைநடிகர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் என்றும் இரண்டாயிரம் பேர் என்றும் இருவேறாகக் கூறுவர். கூடத்தின் உயரத்திலிருந்து தொங்கவிடப்பட்ட படக்கருவி, எறும்புகளாகச் சுருங்கித் தெரியும் தரகர் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்திறங்குவதும், அக்காட்சி அம்லேனின் விமானம் மேலெழும் காட்சியோடு மாறிமாறிக் கோக்கப்பட்டிருப்பதும் இன்றும் வியப்பூட்டுவன. ஒளிப்பதிவாளர் ழூல் க்ரூகர் முன்பு ஆபெல் கான்ஸின் நெப்போலியனில் பணிபுரிந்தவர். லசார் மெர்சோனும் ஆந்த்ரே பர்சாக்கும் அமைத்த அரங்குகள், மனிதரைச் சிறுக்கவைக்கும் அளவுக்கு அகன்றவை. பணத்தைச் சாடும் படம் பெரும் பொருட்செலவில் உருவானதை லெர்பியேயே முரணாக உணர்ந்திருந்தார்.

தயாரிப்பில் பங்குகொண்ட ழான் சப்பேன் படத்தைச் சுருக்கியதால் இயக்குநருடன் பூசல் மூண்டது. முதல் வடிவத்தின் நீளம் குறித்துக் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. மூன்று மணி நேரத்தைத் தாண்டியிருக்கலாம். பேசும்படங்களின் வருகையில் படம் விரைவில் மறக்கப்பட்டது.

1970களில் திறனாய்வாளர் நோயல் பர்ச் இதை உயர்வாக மதிப்பிட்டு எழுதினார். பின்னர் படம் டிவிடி வடிவிலும் வெளிவந்தது.