ஈமானும் அறிவும்: பள்ளிவாசல் முவக்கித்துகளின் வரலாறு

இறைநம்பிக்கை மிகுந்தோரிடம் அறிவாற்றல் குறைந்திருக்கும் என்னும் கூற்று புதியதன்று. கற்றறிந்தோர் அவையில் அதனை மிகத் துணிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனான். 1883ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் பாரிஸ் ஸோர்போனில், இஸ்லாமும் அறிவியலும் என்னும் பொருளில் அவர் உரை நிகழ்த்தினார். முஸ்லிம் பிள்ளைகள் இளமையில் துடிப்புடன் விளங்கினாலும், மார்க்கக் கல்வி அவர்தம் தலையை இரும்பு வளையம்போல் இறுக்கிவிடுகிறது. பிறகு புதிய அறிவு எதுவும் உள்ளே நுழைவதில்லை என்பது அவ்வுரையின் சாரம். அப்படியானால் பக்தாதிலும் குர்துபாவிலும் அறிவியல் தழைத்தது எவ்வாறு என்ற வினாவுக்கும் அவர் முன்கூட்டியே விடை வைத்திருந்தார். அது இஸ்லாத்தினால் தழைத்ததன்று, இஸ்லாம் இருந்தும் தழைத்தது என்றார்.

அப்போது பாரிஸில் தங்கியிருந்த ஜமாலுத்தீன் அல்-ஆப்கானீ, அதே ஆண்டு மே 18ஆம் நாள் ‘ஜூர்னால் தெ தெபா’ என்னும் பிரெஞ்சு நாளேட்டில் மறுமொழி எழுதினார். நம்மவருள் பலர் எண்ணுவதுபோல் அது முழு மறுப்பன்று. எல்லாச் சமயங்களும் ஏதேனும் ஒரு காலத்தில் சுதந்திர ஆராய்ச்சிக்குத் தடையாக நின்றவையே; கிறித்தவ ஐரோப்பா அந்நிலையைக் கடக்கப் பல நூற்றாண்டுகள் பிடித்தன; காலத்தால் இளைய முஸ்லிம் சமுதாயத்துக்கு அந்த வாய்ப்பு ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பதே அவர் வாதம். துருக்கிய எழுத்தாளர் நாமிக் கெமால் எழுதியதுதான் நேரடியான மறுப்பு நூலாகும்.

இவ்விவாதம் அத்துடன் ஓயவில்லை. அமெரிக்க உளவியலார் மூவர் 2013இல் இப்பொருள் பற்றிய 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அவற்றுள் 53 ஆய்வுகளில் சமயப் பற்று மிகுந்தோரின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் குறைவாகவும், 10 ஆய்வுகளில் கூடுதலாகவும் இருந்தது. இதனைக் கேட்டுச் சினம் கொள்வதில் பயனில்லை. அத்தொடர்பு வலுவற்றது, ஒருவரின் பக்தியைக் கொண்டு அவரது அறிவை அளந்துவிட அது உதவாது. ஆய்வுக்கு உட்பட்டோரும் பெரும்பாலும் மேலைநாட்டினர். அம்முடிவை எல்லாச் சமுதாயங்களுக்கும் பொருத்த இயலாது. தேர்வுத்தாளில் காணும் அறிவு ஒன்று. ஒரு சமுதாயம் தன் அறிவாளிகளைக் கொண்டு செய்துமுடிக்கும் காரியம் மற்றொன்று. இரண்டாவதைப் பற்றிப் பேசும் தகுதி வரலாற்றுக்கு உண்டு. ஈமான் கொண்ட சமுதாயம் தன் அறிவாளிகளிடம் என்ன கேட்டது? கேட்டதற்கு என்ன கொடுத்தது?

கிரகண நாளில்

முதற்சான்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உள்ளது. அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மதீனாவில் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானவியலார் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27 காலை. நபிமகனின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். பேசியவர்கள் பகைவர்கள் அல்லர், அன்பர்கள். மறுக்காமல் இருந்திருந்தால்கூட அது மாபெரும் அற்புதமாக நிலைத்திருக்கும். ஆயினும் மகனை இழந்த அத்துயர வேளையிலும் நபியவர்கள் (ஸல்) அப்பேச்சை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என விளக்கி, தொழுகைக்கு அழைத்தார்கள். புகாரீ உள்ளிட்ட நூல்களில் பதிவாகியுள்ள செய்தி இது.

நிழலும் கணிதமும்

மார்க்கக் கடமைகள் பலவும் கணக்கின்றி நிறைவேறுவதில்லை. ஐவேளைத் தொழுகையின் நேரம், கிப்லாவின் திசை, பிறையின் தோற்றம், ஸகாத்தின் அளவு, வாரிசுகளின் பங்கு ஆகிய யாவும் கணக்கே. கலீஃபா மஃமூன் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ இயற்றிய நூலின் தலைப்பில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லே இன்று பள்ளிக்கூடங்களில் அல்ஜீப்ராவாகப் படிக்கப்படுகிறது. அந்நூலின் ஏறத்தாழப் பாதி மரண சாசனங்களையும் பாகப்பிரிவினையையும் பற்றியது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. மனைவிக்கு இவ்வளவு, தாய்க்கு இவ்வளவு, எஞ்சியதில் பெண்மக்களுக்கு இவ்வளவு என்று மார்க்கம் வகுத்த பங்குகளைச் சிக்கலான நேர்வுகளில் பிரித்துக் காட்டவே அந்தக் கணிதம் பெரிதும் பயன்பட்டது.

அஸர் நேரத்தைப் பாருங்கள். நட்டுவைத்த கோலின் நிழல், நண்பகலில் அதற்கிருந்த நிழலைவிடக் கோலின் ஒரு மடங்கு கூடும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ வழி. இரு மடங்கு என்பது ஹனஃபீ வழி. இந்நிழல் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். அதனை முன்கூட்டிச் சொல்லச் சூரியனின் உயரத்துக்கும் நிழலின் நீளத்துக்கும் உள்ள தொடர்பு தெரிய வேண்டும். இன்று மாணவர்கள் ‘டான்ஜென்ட்’ எனப் படிக்கும் அளவைக்கு அரபுக் கணிதர்கள் இட்ட பெயர் ‘ழில்லு’, அதாவது நிழல்.

நிழல்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அல்-பீரூனீ (973–1048). கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதற்காக ஊர்களின் இருப்பிடங்களை அளக்கும் முறைகளை விரித்து, 1025இல் மற்றொரு நூலையும் நிறைவு செய்தார். அவர் குறிப்பிடும் ஒரு நிகழ்ச்சி சுவையானது. தொழுகை நேரம் காட்டும் கருவி ஒன்றில் ரோமரின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அது காஃபிர்களைப் பின்பற்றுவதாகும் எனக் கூறி, மார்க்கப் பற்றுள்ள ஒருவர் அதனைப் பள்ளிவாசலுக்குள் அனுமதிக்க மறுத்தார். ரோமர்கள் உணவும் உண்கிறார்கள், கடைத்தெருவிலும் நடக்கிறார்கள். அவ்விரண்டையும் விட்டுவிடலாமே என்று பீரூனீ விடையிறுத்தார். மறுத்தவரும் விடையிறுத்தவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்தாம்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) (1058–1111) இவ்விரு போக்குகளையும் கண்டவர். கணிதத்தால் விளையும் தீங்குகளென அவர் தம் தன்வரலாற்று நூலில் இரண்டைச் சுட்டுகிறார். கணிதத்தின் துல்லியத்தில் மயங்கி, தத்துவவாதிகள் கூறும் அனைத்துமே அவ்வாறு உறுதியானவை என நம்பி ஈமானைக் கைவிடுவது ஒன்று. மற்றது இஸ்லாத்தின் அறிவற்ற நண்பனால் விளைவது. கிரகணக் கணக்கு உட்பட எல்லாவற்றையும் மறுத்தால்தான் மார்க்கத்துக்கு உதவி செய்ததாகும் என அவன் எண்ணுகிறான். கணக்கைச் சான்றுடன் அறிந்தவனோ தன் கணக்கை ஐயுறாமல் இஸ்லாத்தையே ஐயுறத் தொடங்குகிறான். ரெனானின் கருத்துக்கு முன்னோடியாக இமாமவர்களைக் காட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. இப்பகுதியைப் படித்தோர் அவ்வாறு சொல்ல மாட்டார்கள்.

டமாஸ்கஸ் பள்ளியின் ஊழியர்

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்திலும் சிரியாவிலும் பள்ளிவாசல்களில் ஒரு புதிய பதவி தோன்றியது. பதவியின் பெயர் ‘முவக்கித்’. வக்துகளைக் கணித்துச் சொல்பவர் என்பது பொருள். இமாம், மோதினார் ஆகியோரைப் போல இவரும் பள்ளியின் ஊழியர். ஒரு கணித அறிஞரைப் பள்ளிவாசல் தன் ஊழியராகவே வைத்துக்கொண்டது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

இவர்களுள் தலைசிறந்தவர் டமாஸ்கஸ் உமய்யாப் பெரிய பள்ளியின் முவக்கித் இப்னுஷ் ஷாதிர். 1304ஆம் ஆண்டளவில் பிறந்து 1375 அளவில் மறைந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். தந்தப் பதிப்பு வேலையைக் கைத்தொழிலாகக் கற்றவர். அந்தக் கைத்திறன் பின்னாளில் கருவிகள் செய்ய உதவியிருக்கும் எனக் கருத இடமுண்டு. ஹிஜ்ரி 773இல் (1371–72) பள்ளியின் மினாராவுக்காக, ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட பளிங்குச் சூரியக் கடிகாரத்தை வடித்தார். சூரியன் உதித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, மறைய எவ்வளவு உள்ளது என்பதுடன், தொழுகை நேரங்களையும் அதன் கோடுகளிலிருந்து அறியலாம். 1876இல் அதனைச் சீராக்க முயன்றபோது பளிங்கு உடைந்துவிட்டது. அப்போதைய முவக்கித் தன்தாவீ அதேபோன்ற பிரதி ஒன்றைச் செய்து அங்கே நிறுவினார். உடைந்த மூலத்தின் துண்டுகள் டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

பாங்கு நேரம் கணிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தாலமியின் பழைய வானியல் அமைப்பில் சந்திரனின் தொலைவு கண்ணால் காண்பதற்கு முரணாக மாறுவதைக் கண்டு, கோள்களின் இயக்கத்துக்குப் புதிய வடிவம் வகுத்தார். 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் என்னும் ஆய்வாளர் அவரது நூலை ஆராய்ந்து, 1543இல் வெளிவந்த கோபர்நிகஸின் நூலில் காணப்படும் சந்திர அமைப்பும் இதுவும் ஒன்றே எனக் காட்டினார். இவருடைய கருத்து கோபர்நிகஸை எவ்வழியில் அடைந்தது, அடைந்ததா என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பூமி நடுவில் நிற்கிறது என்பதையும் இப்னுஷ் ஷாதிர் மாற்றவில்லை. கோபர்நிகஸுக்கு முன்பே எல்லாம் நம்மவர் கண்டுவிட்டார் என மேடையில் முழங்குவோர் இவ்விரண்டையும் மறைக்காமல் சொல்வது நல்லது. உள்ளதைச் சொன்னாலே அவர் பெருமை போதுமானது.

அதே பள்ளியில் அவர் காலத்தவரான ஷம்ஸுத்தீன் அல்-கலீலீ தயாரித்த கிப்லா அட்டவணையில் ஏறத்தாழ 3,000 எண்கள் உள்ளன. ஊரின் அட்சரேகையும், மக்காவிலிருந்து அதன் தீர்க்கரேகை வேறுபாடும் தெரிந்தால் திசையை நேரே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான எண்களில் பிழை ஒரு பாகையின் முப்பதில் ஒரு பங்குக்கும் மேற்படவில்லை. கணிப்பொறியும் மடக்கை வாய்பாடும் இல்லாத காலத்தில் இத்தனை எண்களைக் கணக்கிட்ட உழைப்பை எண்ணிப் பாருங்கள். அவர் டமாஸ்கஸுக்கு வகுத்த தொழுகை நேர அட்டவணைகள் 19ஆம் நூற்றாண்டு வரை அங்கே புழங்கின.

இடித்த கைகள்

வரலாற்றின் மறுபக்கத்தை விட்டுவிட்டால் இக்கட்டுரை வெறும் புகழுரையாகிவிடும். காழியாகவும் பணிபுரிந்த தகீயுத்தீன் என்னும் வானியலார், சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவுடன் இஸ்தான்பூலில் ஒரு வான்காணகம் அமைத்தார். 1577இல் அது செயல்படத் தொடங்கிய அதே ஆண்டில் வானில் பெரிய வால்மீன் தோன்றியது. அது சுல்தானுக்கு நற்குறி எனத் தகீயுத்தீன் பலன் சொன்னார். ஆனால் கொள்ளைநோயும் இறப்புகளும் தொடர்ந்தன. வானத்தின் இரகசியங்களை ஆராய்வது அழிவைத் தரும் என ஷெய்குல் இஸ்லாம் எடுத்துரைக்க, 1580 ஜனவரியில் சுல்தானின் ஆணையால் அது இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள் என்பது உண்மை. சோதிடப் பலன் சொல்லி அவர்கள் கையில் காரணத்தைக் கொடுத்தவர் வானியலாரே என்பதும் உண்மை. அரசவையின் இழுபறிகளுக்கும் இதில் பங்குண்டு. அதே காலத்தில் டென்மார்க்கில் டைக்கோ பிராஹே கட்டிய வான்காணகமும் அரசரின் ஆதரவு போனபின் 1601இல் அழிக்கப்பட்டது. இஸ்தான்பூலின் பள்ளிவாசல்களை ஒட்டிய முவக்கித் கூடங்களோ 20ஆம் நூற்றாண்டு வரை பணி செய்தன. அரசரின் விருப்பத்தால் எழுந்தது அவர் மனம் மாறியதும் வீழ்ந்தது. தொழுகையாளிகளின் அன்றாடத் தேவைக்காக எழுந்தது நின்றது.

நம் கடற்கரையிலிருந்து

கலீலீயின் கணக்கை நம் ஊர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். மேற்கே திரும்பித் தொழுவது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் சென்னையிலிருந்து கிப்லா, நேர்மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 18 பாகை விலகியுள்ளது. அதற்குத் தெற்கே உள்ள காயல்பட்டினத்தில் விலகல் 23 பாகைக்கும் மேல். சென்னையிலிருந்து நேர்மேற்காகவே சென்றால், மக்காவின் தீர்க்கரேகையை எட்டும்போது நாம் நிற்கும் இடம் அரபு நாடன்று. ஹபஷா எனப்பட்ட எத்தியோப்பியா. பழைய பள்ளிகள் சிலவற்றில் கட்டடம் ஒரு போக்கிலும் ஸஃப் கோடுகள் சற்றே சாய்ந்தும் இருப்பதன் காரணம் இதுவே.

இதனைச் சரிபார்க்கக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மராகா வான்காணகத்தை நடத்திய நஸீருத்தீன் தூஸீ எழுதிவைத்த எளிய வழி ஒன்று உண்டு. ஆண்டில் இருமுறை நண்பகலில் சூரியன் மக்காவுக்கு நேர் உச்சியில் வருகிறது. அந்நேரத்தில் சூரியனைக் காணும் ஊர்கள் யாவற்றிலும் சூரியன் நிற்கும் திசையே கிப்லா. நம் நாட்டு நேரப்படி அது மே 28ஆம் நாள் பிற்பகல் 2 மணி 48 நிமிடமும், ஜூலை 16ஆம் நாள் பிற்பகல் 2 மணி 57 நிமிடமும் ஆகும். லீப் ஆண்டுகளில் ஒரு நாள் முன்னதாக வரும். பள்ளியின் திறந்த முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அந்நிமிடத்தில் அதன் நிழலின் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தால் போதும். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கி நின்றால், முகம் கஅபாவை நோக்கியிருக்கும்.